பெண் வீட்டுக்கு வந்த பெருமான்!

'பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்கக் கூடாது' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். கன்னிகாதானமாகக் கொடுத்துவிட்டோம், கொடுத்த இடத்தில் திரும்ப வாங்கக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பேரன் பிறக்கும்வரைதான் என்று சில குடும்பங்களில் ஓர் எல்லையும் உண்டு.

எண்பது வயதாகும் நான், இந்த வழக்கத்தின் வலியை அறிந்தவள். எனக்கு இரண்டும் பெண் குழந்தைகள். திருச்சியில் குடித்தனம் செய்தபோது, என்னைப் பார்க்க அம்மா கையில் கட்டுச்சாதத்தோடு வருவாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மாலை ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். 'உங்க அம்மாவை இங்கேயே இருக்கச் சொல்லேன்' என்று என் கணவர் எத்தனையோ முறை சொன்னார். அம்மா கேட்கவில்லை. கடைசிக் காலத்தில் ஊரில் தனியாகவே இருந்து கண்ணை மூடினாள். அந்தக் குறை இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

இத்தனைக்கும், வாராவாரம் மலைக்கோட்டை ஏறி நான் தரிசித்த ஸ்வாமி யார் தெரியுமா? தாயுமானவர்!

நிறைமாத கர்ப்பிணி ரத்னாவதி, பிரசவத்துக்குத் துணையாகத் தன் தாயை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். பூம்புகாரில் இருந்து புறப்பட்ட தாயோ, காவிரியில் வெள்ளம் கரைபுரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலியில் துடித்தவள் ஈசனை நினைத்துக் கதறினாள். தாயின் உருவிலேயே வந்தார் பெருமான். பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடியும்வரை அங்கேயே தங்கிப் பணிவிடை செய்தார். உண்மையான தாய் வந்து நின்றபோதுதான், இத்தனை நாளும் உடன் இருந்தது யார் என்று ரத்னாவதிக்குப் புரிந்தது! சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள்.

என் கணவர் காலமான பிறகு, சென்னையில் இருக்கும் மூத்த மகள் என்னைத் தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்தாள். 'பெண் வீட்டில் போய் உட்காருவதா?' என்று இரண்டு வருடம் மறுத்தேன். ஒருநாள் அவள் கேட்டாள்... 'பெத்த தாயா வந்த தாயுமானவரே பொண்ணு வீட்டுல தங்கினாரே, நீ வரக் கூடாதாம்மா?'

எனக்குப் பதில் வரவில்லை. அம்மாவின் கட்டுச்சாதம்தான் கண்முன் வந்தது. மறுவாரமே கிளம்பிவிட்டேன்.

காலம் மாறுகிறதே, தர்மமும் மாறிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். வழக்கம் வேறு, தர்மம் வேறு. பெற்றவர்களைக் காப்பது தர்மம். 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் அந்தக் கடமையை மகனுக்கும் மகளுக்கும் பொதுவாகத்தான் வைத்திருக்கிறது.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் மாமியாரை நான் ஏன் பார்க்க வேண்டும்?' என்று எண்ணிவிடாதீர்கள், மகள்களே! காரடையான் நோன்பன்று நாம் வணங்கும் சாவித்திரி, எமனிடம் முதலில் கேட்ட வரம் என்ன? பார்வையிழந்த மாமனாருக்குக் கண்ணொளி. அடுத்து, அவர் இழந்த நாடு. மூன்றாவதாக, தன் தந்தை அசுவபதிக்குப் புத்திர பாக்கியம். அதன் பிறகுதான் தனக்கென்று கேட்டாள். கணவனின் உயிரை மீட்கப் போன இடத்திலும் புகுந்த வீடு, பிறந்த வீடு இரண்டையும் அவள் மறக்கவில்லை. அதுவல்லவா இல்லறம்!

வரும் நோன்பில் அடையும் உருகாத வெண்ணெயும் நிவேதனம் செய்து, சரடு கட்டிக்கொள்ளும்போது கணவரின் ஆயுளோடு, இரண்டு வீட்டுப் பெரியவர்களின் நலனையும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். அப்படியே, தனியாக இருக்கும் அம்மாவை 'வாம்மா' என்று ஒரு வார்த்தை கூப்பிடுங்கள். 'வேண்டாம்' என்றுதான் முதலில் சொல்வாள். விடாமல் கூப்பிடுங்கள்.

தாயுமானவர் துணையிருப்பார்!