மறந்துபோவதும் பாவமா?



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் பாடசாலை ஆசிரியை ஒருவர் எம்மைக் காண வந்தார். வருகின்ற மார்ச் மாதத்தில் அவருக்கு 60 வயது நிறைவடைகின்றது. அன்றோடு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு. ஞானஸ்நானச் சான்றிதழின் பிரதி ஒன்று கேட்டு வந்தவர், அதைப் பெற்ற பின்பும் எழுந்து போகவில்லை. "சுவாமி, பெத்த பிள்ளையின்ரை பிறந்த நாளை மறந்தால் அது பாவமோ?" என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட கேள்வி அல்ல. அறைவீட்டு விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டு கேட்டது. அவருடைய சம்மதத்துடனேயே இங்கு எழுதுகின்றோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் எழுந்து நடந்த இரவு. அதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இதை எழுதுபவனும் அன்று மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சிறுவர்களில் ஒருவன். அந்த ஆசிரியைக்கு அப்போது 30 வயது ஆகவில்லை. கணவர் வேலை நிமித்தம் கொழும்பில். இடுப்பில் மகள், கையில் மகன், பையில் பிறப்புச் சான்றிதழ்களும் தமது நியமனக் கடிதமும். பிள்ளைகளின் படங்கள் ஒட்டிய அல்பம் அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் இன்னும் சில குடும்பங்களோடு தங்கினார். ஆசிரியை என்றபடியால், இடம்பெயர்ந்தோரைப் பதிகின்ற மேசையில் அவரை இருத்தினார்கள். பெயர் என்ன, வயது என்ன, பிறந்த திகதி என்ன என்று ஊரார் பிள்ளைகளைப் பற்றி நாள் முழுவதும் கேட்டுக் கேட்டு எழுதினார். நவம்பரில் ஒரு நாள், தாளின் தலைப்பில் வழக்கம்போல அன்றைய திகதியையும் எழுதினார். அது தம் மகனுடைய ஐந்தாவது பிறந்த நாள் என்பது மூன்று கிழமை கழிந்த பின்பே அவருக்கு நினைவில் தட்டியது. "எல்லாற்றை பிள்ளையளின்ரை திகதியையும் எழுதினன் சுவாமி. என்ரை பிள்ளைக்கு ஒரு இனிப்புக்கூடக் குடுக்கேல்லை."

குருமடத்தில் எமக்குப் படிப்பித்த பாடத்தின்படி இக்கேள்விக்கு விடை சுலபம். பாவமான பாவத்துக்கு அறிவும் வேண்டும், மனச் சம்மதமும் வேண்டும். மறதியில் இவை இரண்டும் இல்லை. ஆகவே பாவமில்லை. இதைச் சொல்ல அரை நிமிடமும் செல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார். ஆனால் முகம் மாறவில்லை. அவர் சட்டம் கேட்க வந்தவர் அல்லர் என்பது எமக்குச் சற்றுப் பிந்தியே விளங்கியது.

பிறந்த நாள் கொண்டாடாமை ஒரு குறையே அல்ல என்றும் சொல்லிப் பார்த்தோம். எங்கள் பாட்டன் பாட்டிமார் தாங்கள் பெயர் தாங்கிய புனிதரின் திருநாளைத்தான் கொண்டாடினார்கள். விவிலியத்தில் பிறந்த நாள் விருந்து வைத்தவர்கள் பாரவோனும் ஏரோதுமே; இரண்டு விருந்திலும் ஓர் உயிர் போயிற்று. (கேக்குக்குச் சொல்லி வைத்திருக்கும் வாசகர்கள் பயப்பட வேண்டாம்.) அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "எண்டாலும் சுவாமி" என்றார்.

அந்த "எண்டாலும்" என்ற சொல்லில்தான் விடயம் இருக்கின்றது. புனித அகுஸ்தீனார் தமது "ஒப்புதல்கள்" நூலின் பத்தாம் பாகத்தில் ஞாபகத்தைப் பற்றி நெடுக ஆராய்கின்றார். நற்செய்தியில் வரும், காசைத் தொலைத்த பெண்ணை அங்கே எடுத்துக் காட்டுகின்றார். காசு கையை விட்டுப் போனாலும் நினைவை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் அவள் விளக்கேற்றித் தேடியிருக்கமாட்டாள், கண்டபோது இதுதான் என்று அறிந்திருக்கவும் மாட்டாள். முற்றாக மறந்ததை ஒருவரும் தேடுவதில்லை என்பது அவர் காட்டும் நியாயம். முப்பது வருடமாக ஒரு திகதியைத் தேடிக்கொண்டிருக்கும் தாயைப் பிள்ளையை மறந்தவள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொழும்பில் இருந்த தகப்பனுக்கும் அந்தத் திகதி மறந்துதான் போயிற்று. அவர் எந்தக் குருவானவரிடமும் போய் இது பாவமோ என்று கேட்டதாக நாம் அறியோம். உழைக்கின்ற தகப்பன் வீட்டில் இல்லாதிருந்தால் அது கடமை. உழைக்கின்ற தாய் இல்லாதிருந்தால் அது குறை. இந்தத் தராசு எங்கள் வீடுகளில் வெகுகாலமாகத் தொங்குகின்றது. பிரசங்க மேடையில் நின்று நாமும் அதில் நிறுத்திருக்கின்றோம். அன்னையர் கடமையைப் பற்றிச் செய்த பிரசங்கங்கள் சிலவற்றை இப்போது நினைக்க எமக்கே கூச்சமாயிருக்கின்றது.

அந்த மகன் இன்று வெளிநாட்டில். தாய் தொலைபேசியில் ஒரு நாள் மனதைத் திறந்து இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாராம். அவனுக்கு அந்தப் பிறந்த நாள் நினைவில் இல்லை. மேசை நினைவிருக்கின்றது. "நான் அதுக்குக் கீழைதானே அம்மா இருந்தனான். உங்கடை கால் தெரிஞ்சுகொண்டே இருந்தது. பேனை மூடியைத் தந்து வைச்சிருக்கச் சொன்னீங்கள்" என்றானாம். தாய்க்கு அந்த மூடி நினைவில்லை. அல்பம் போய்விட்டது, ஒரே மேசையின் மேற்பக்கம் ஒருவரிடமும் கீழ்ப்பக்கம் மற்றவரிடமும் எஞ்சியிருக்கின்றன. வயது ஏற ஏற, எங்கள் வாழ்வில் பாதி பிறருடைய நினைவிலேதான் கிடக்கின்றது போலும். கேட்டால்தான் அது வரும். அவர் கேட்க முப்பது வருடம் சென்றது.

அப்படியென்றால் தாயின் பிறந்த நாள் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டோம். "தங்கச்சியைக் கேட்டுச் சொல்லுவான்" என்றார், சற்றும் குறைபடாமல். பிள்ளைகளின் வயதோடு கூட்டித்தான் தமது வயதைக் கணக்குப் பார்ப்பது அவருடைய வழக்கம். திகதி பிசகாமல் வைத்திருந்தது ஓய்வூதியக் கோவை ஒன்றுதான்.

அகுஸ்தீனாரின் தாயார் மோனிக்கம்மாள் 387ஆம் ஆண்டில் ஒஸ்தியாத் துறைமுகத்தில், சொந்த ஊருக்குக் கடல் கடக்கும் முன்னரே இறந்தார். உடலை எங்கேனும் அடக்குங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே பிள்ளைகளிடம் அவர் கேட்டது. அந்த நூலில் தாயைப் பற்றி எவ்வளவோ எழுதிய மகன், அவருடைய பெயரை ஒரேயொரு தடவைதான் எழுதுகின்றார்: பீடத்தில் அவரை நினைக்கும்படி வாசிப்பவர்களை வேண்டும் இடத்தில். பதினாறு நூற்றாண்டுகளாக மனிதர் அதை வாசித்து வருகின்றனர்.

ஆசிரியை புறப்படும்போது இருட்டிவிட்டது. அவர் பிறந்த நாளன்று காலைத் திருப்பலியை அவருக்காக ஒப்புக்கொடுப்பதாகச் சொன்னோம். நன்றி சொல்லிப் படியிறங்கியவர், முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பூசை முடிய ஏழு மணியாகும், என்ன சுவாமி? ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். அந்த நேரம் நான் எங்கை நிப்பன்?"

அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. கேற் வரை கூடவே நடந்து போனோம்.