வேட்கையும் பொறுப்பும்

வெற்றியை விரும்புதல் மனித இயல்பு. ஆயின், அவ்வெற்றிக்குரிய விலையை இறுதியில் யார் செலுத்துவது என்று எண்ணாமல் அதனை நாடுவது அறமாகுமா? காற்பந்துக் கழகங்கள் வீரர்களை விலை கொடுத்து வாங்கும்போதெல்லாம் இவ்வினா எழுகின்றது.

இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கழகம் இதற்குத் தக்க சான்றாகும். அக்கழகம் 2000ஆம் ஆண்டில் ரியோ பெர்டினாண்டு என்பாரை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கிற்று. உலகில் எந்தத் தற்காப்பு ஆட்டக்காரருக்கும் அதுவரை தரப்படாத விலை அது. 2001இல் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறிற்று. அவ்வாண்டிலேயே, வருங்கால நுழைவுச்சீட்டு வருவாயை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் பெற்றது. சாம்பியன்ஸ் லீக் போட்டி வருவாய் ஆண்டுதோறும் கிட்டும் என்பது கணக்கு. அடுத்த பருவத்திற்கே தகுதி கிட்டவில்லை, கணக்குப் பொய்த்தது.

2002இல் பெர்டினாண்டு ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார். இலாபமே கிடைத்தும் கடன் தீரவில்லை. பிற வீரரும் ஒருவர்பின் ஒருவராய்ப் பிரிந்தனர். 2004இல் கழகம் முதல்நிலைப் பிரிவை இழந்தது. எல்லண்ட் ரோடு திடலும் விற்கப்பட்டது. 2007இல் மூன்றாம் நிலைக்குத் தாழ்ந்தது. முதல்நிலைக்கு மீள 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீரரை வாங்குவதும் முதலீடே என்பர் சிலர். உண்மைதான். ஆனால், நிலத்தைப் போல் நிலைத்திருக்கும் உடைமையாக வீரரைக் கருதவியலாது. ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் போஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின், ஒப்பந்தம் முடிந்தவர் மாற்றுத்தொகையின்றியே வேறு கழகம் செல்ல வழி பிறந்தது. வாங்கிய விலை ஆண்டுக்காண்டு தேயும், ஊதியமோ தேய்வதில்லை.

லீட்ஸ் கழகம் ஈடாக வைத்தது எதனை? தோற்றாலும் திடலுக்கு வரும் ஆதரவாளரின் பற்றினையே! இனிமேல் வாங்கவிருக்கும் சீட்டுக்கு அவர்களுள் யார் முன்கூட்டியே இசைவு தந்தார்? விளையாத பயிரை விற்று விருந்து வைத்தது போலாயிற்று அச்செயல். ஆட்சியாளர் மாறினர், ஆட்டக்காரர் அகன்றனர், ஆதரவாளர் மட்டுமே எஞ்சி அவ்விழப்பைச் சுமந்தனர்.

கழகத்தை ஆள்வோர் அதன் அறங்காவலர் போன்றவர். துணிவு அவர்க்கு வேண்டுவதே. தோல்வி நேரின் தாமே தாங்கவல்ல அளவிற்குள் துணிவோரே அப்பொறுப்புக்கு உரியவர்.