மெட்டுகளுக்கு இடையே ஒரு சுரம்

ஓர் இசை மரபை, அதன் சுரங்கள் முழுவதும் அமையாத கருவியிற் கற்பித்தல் அறமாகுமா? கிற்றார் பயிலும் மாணவர் குழுவுக்குத் துருக்கிய இசையைக் கற்பிக்கும் ஆசிரியர் முன் எழும் வினா இது.

கிற்றாரின் மெட்டுகள் ஒரு ஸ்தாயியை 12 சமகூறுகளாக்கி நிலைபெற்றவை. துருக்கிய இசையிலக்கணமோ ஒரு முழுத்தொனியையே 9 நுண்கூறுகளாக வகுக்கின்றது. இராகத்தை ஒத்த மகாம்களுள் ஒன்றான உஷ்ஷாக்கின் இரண்டாஞ் சுரம், கிற்றாரின் இரு மெட்டுகளுக்கு இடையே நிற்பது.

அதனாற் கற்பித்தலே தவறென்பது பொருந்தாது. 2+2+2+3 எனப் பகுக்கப்படும் ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தைக் கிற்றார்க் குழு முழுமையாகவே கைக்கொள்ளலாம். குறை கருவியினது, அதனை மறைத்தலே ஆசிரியரது குற்றம். அயற்சுரத்தை உண்மைச் சுரமென நம்பிய மாணவன், பின்னர் துருக்கியப் பாடகரைக் கேட்கையில் அபசுரம் எனத் தீர்ப்பளிப்பான். அறியாமை இவ்வாறே அளவுகோலாகின்றது. மேலையிசையே முன்னேற்றமெனக் கருதப்பட்ட காலத்தில், 1934இல், துருக்கியின் வானொலியிலேயே அந்நாட்டுச் செவ்வியல் மரபிசை தடைசெய்யப்பட்டது.

மிடற்றுக்கு மெட்டுகள் இல்லை. ஆதலின், வாசிக்குமுன் மாணவர் அச்சுரத்தைக் கேட்டுப் பாடிப் பழகுதல் வேண்டும். மெஷ்க் எனப்படும் துருக்கிய மரபுவழிக் கல்வியும் ஆசான் பாடக் கேட்டுப் பாடுதலே. தாம் எதனை இழந்து வாசிக்கின்றோம் என்பதை அறிந்த குழுவே அவ்விசைக்கு நேர்மை செய்ததாகும்.