ரெய்லியின் மௌனம்

ஓர் ஆன்மாவை ஒரு பாதையில் அனுப்பி வைப்பவர், அதன் முடிவை முன்னரே கண்டிருந்தால், அதனை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவரா? 1949ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில் முதன்முதலாக மேடையேறிய டி. எஸ். எலியட்டின் 'காக்டெய்ல் பார்ட்டி' என்னும் கவிதை நாடகம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

அதில் வரும் ஹார்கோர்ட்-ரெய்லி இலண்டன் நகரத்து மனநல மருத்துவர். பெயர் தெரியாத விருந்தாளியாக முதலில் தோன்றி, ஜின் அருந்தி, பாட்டுப் பாடிக்கொண்டே வெளியேறுகிறார். (யூரிப்பிடீஸின் 'அல்செஸ்டிஸ்' நாடகத்து ஹெராக்ளீஸின் சாயல் இது என்பதை எலியட்டே பின்னர் கூறினார்.) பிணக்குற்ற எட்வர்டு, லவீனியா தம்பதியரை ஒருவாறு இணைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்.

எட்வர்டை நேசித்து ஏமாந்த சீலியா வேறுவகையினர். தாம் என்றும் தனித்திருப்பதாகவும், இன்னதென்று விளங்காத பாவவுணர்வு தம்மை வாட்டுவதாகவும் சொல்கிறார். மருத்துவர் இரு வழிகளைக் காட்டுகிறார்: ஒன்று, மற்றவரைப் போல் இயல்பு வாழ்வோடு ஒத்துப்போதல், மற்றது, துணிவும் விசுவாசமும் வேண்டும் அறியாப் பாதை. எதையும் உயர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. சீலியா இரண்டாவதைத் தேர்கிறார். அவரிடம் ரெய்லி கட்டணமும் வாங்கவில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பின் செய்தி வருகிறது. நோயாளருக்குத் தொண்டு புரியும் துறவு சபையில் சேர்ந்த சீலியா, கின்கஞ்சா என்னும் கற்பனைத் தீவில் கொள்ளைநோயுற்றோரைக் கைவிட மறுத்து, எறும்புப் புற்றருகே சிலுவையில் அறையுண்டு மடிந்தார். முதற் சந்திப்பிலேயே, வன்முறையில் மாண்டவரின் முகத்தைச் சீலியாவின் பின்னே தாம் கண்டதாக ரெய்லி அப்போதுதான் கூறுகிறார்.

அவர் காத்த மௌனத்தை நாம் குறைகூறோம். சொல்லியிருந்தால், சீலியாவின் தேர்வு அச்சத்தால் சிதைந்திருக்கும். அல்லது மறைசாட்சியாகும் பெருமித ஆசையால் கறைபட்டிருக்கும். ஆன்ம வழிகாட்டிகளாகிய நமக்கோ முடிவு தெரிவதேயில்லை, எனினும் அனுப்பிவைக்கின்றோம்.

நம்மை உறுத்துவது அவர் முகமே. அக்கோரச் செய்தி கேட்டபோது அதில் வியப்போ திகிலோ இல்லை, நிறைவே தெரிந்தது என்பதை லவீனியா கவனித்துவிடுகிறார். இலாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் கல்லறையருகே கண்ணீர் விட்டார். சீலியாவின் துன்பத்தை ரெய்லி மறுக்கவில்லை, ஆயினும் கலங்கவுமில்லை. குற்றவுணர்வால் கலங்குபவர் எட்வர்டுதான். அவருக்கு ஆறுதல் கூறிவிட்டு ரெய்லி அடுத்த விருந்துக்குப் புறப்படுகிறார். வீட்டில் தம் விருந்தினரை எதிர்நோக்கித் தம்பதியர் காத்திருக்க, வாயில்மணி ஒலிக்கிறது.