முறிந்ததற்கு யார் சாட்சி?

எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் நடந்தது என்பதற்குச் சாட்சிக்குப் பஞ்சமே கிடையாது. பத்திரிகை இருக்கும், ஆல்பம் இருக்கும், மொய் நோட்டு இருக்கும். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை இருபது வருடம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள். 2009இல் திருமணப் பதிவு கட்டாயமான பிறகு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு பதிவு ஏறுகிறது. அதே கல்யாணம் முறிந்துபோனால் எதைக் காட்டுவது? பிறப்புக்குப் பதிவேடு உண்டு, இறப்புக்கு உண்டு, திருமணத்துக்கு உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் நடக்கும் விவாகரத்துக்கு நம் மாநிலத்தில் அப்படித் தனிப் பதிவேடு எதுவும் கிடையாது. எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பானதோ அந்த நீதிமன்றத்தின் கட்டுகளுக்குள்தான் அது இருக்கும்.

இதை நான் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் சித்தப்பா. அவர் மகளுக்கு இரண்டாவது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் இரண்டாவதுதான். செட்டியார்பட்டியில் கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் ரேஷன் கார்டு திருத்தத்திலிருந்து நீட் ரிசல்ட் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவன்தான். “ஏய்யா, கோர்ட்டுக் கேஸெல்லாம் இப்ப போன்லயே பாத்துரலாமாமே? அந்தப் பையன் கேஸ எடுத்து என்ன ஏதுன்னு கொஞ்சம் பாரு. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் எனக்கு உறுத்தியது.

முதலில் எது முடியும் என்று பார்ப்போம். இ-கோர்ட்ஸ் தளத்திலும் செயலியிலும் வழக்கு எண்ணைப் போட்டுத் தேடலாம். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சிஎன்ஆர் என்று ஓர் எண் உண்டு. சார்பு நீதிமன்றங்களில் இந்து விவாகரத்து மனுக்களை ‘எச்எம்ஓபி’ என்று எண்ணிட்டு வைப்பார்கள். ஆனால் திரையில் தெரிவது எதற்கும் ஆதாரம் ஆகாது. ஆதாரம் வேண்டுமென்றால் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். எங்கள் மாவட்டத்துக்குப் பெயர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் பஸ் மாறிப் போய் நகல் மனு போட வேண்டும். சில நாள் கழித்து நகலுக்கான ஸ்டாம்பைக் கட்டச் சொல்லிப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். மனு போட்ட நாள், ஸ்டாம்பு கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் என்று எல்லாத் தேதியும் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

வழக்கின் கட்சிக்காரருக்கு இதில் பெரிய தடை எதுவும் இல்லை. சொல்லப்போனால், விவாகரத்து ஆணையின் ஒரு பிரதியை இரு தரப்புக்கும் நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவு சொல்கிறது. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. மூன்றாம் மனிதர் கேட்டால் கதை வேறு. எதற்காகக் கேட்கிறேன் என்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி அனுமதிக்க வேண்டும். அதாவது, வெளியாள் அந்தக் கட்டைப் பிரிப்பதற்கு முன் சட்டம் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறது: உனக்கு இது எதுக்கு?

இந்தக் கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை. சட்டத்துக்கே இதில் இரண்டு மனசு. ஒரு பக்கம், பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 41ஆம் பிரிவு திருமண வழக்கில் வந்த இறுதித் தீர்ப்பைத் தனி வகையில் வைத்தது. கடன் வழக்கில் வரும் தீர்ப்பு இரண்டு பேரைத்தான் கட்டுப்படுத்தும். ‘இவர் இனி இவருக்குக் கணவர் அல்ல’ என்கிற தீர்ப்பு உலகத்தில் எல்லோரையும் கட்டுப்படுத்தும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும், இல்லையா? மறுபக்கம், இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு: விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், அதைப்பற்றி எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது, மீறினால் 1000 ரூபாய் வரை அபராதம். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அனுமதியோடு வெளியிடலாம் என்பது மட்டும் விலக்கு.

முரண்பாடு போலத் தெரியும். எனக்கு அப்படிப் படவில்லை. விவாகரத்துக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று நிலை, இன்னொன்று கதை. இன்ன தேதியில் இந்த மணம் கலைந்தது என்பது நிலை. யார் யாரை அடித்தார், யாருக்கு என்ன நோய், யார் யாரோடு போனார் என்பதெல்லாம் கதை. நிலை ஊருக்குச் சொந்தம். கதை அந்த இரண்டு பேருக்குச் சொந்தம். நீதிமன்றத்திலேயே ஆணை தனி, தீர்ப்புரை தனி. ஆணை ஓரிரு பக்கம். கதை முழுக்கத் தீர்ப்புரையிலும் மனுவிலும் எதிருரையிலும்தான்.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் விவாகரத்துக் கோப்பு என்பது பொது ஆவணம். கவுண்டி அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதே நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் கோப்பை 100 ஆண்டுகளுக்குக் கட்சிக்காரர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் மட்டும்தான் பார்க்க முடியும். வேறு யாரும் பார்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மாதிரிப் பொது ஆவணங்களைத் திரட்டித் தேடக்கூடியதாக மாற்றும் ஒரு புராஜெக்டில் இருந்தேன். எங்களுக்கு அது டேபிளும் இண்டெக்ஸும்தான். ஆனால் இண்டெக்ஸ் போடுவது என்றால் என்ன? ஒரு கோப்புக்கும் அதைத் தேடுபவருக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அழிப்பது. அந்தத் தூரம்தான் இவ்வளவு காலமும் காவலாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, வாக்குமூலம் எழுதி, ஸ்டாம்பு கட்டி, இரண்டு வாரம் காத்திருக்கத் தயாராக இருப்பவருக்குப் பெரும்பாலும் உண்மையிலேயே தேவை இருக்கும். ராத்திரி படுக்கையில் சும்மா போனைத் தட்டுபவருக்கு அப்படி ஒரு தேவையும் இருக்க வேண்டியதில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லிக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு அவர் கேட்டதை ஏற்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொல்லிவிட்டார்கள். அது ஒரு தேடல் பெட்டிக்குள் எப்படிப் பொருந்தும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வாதத்தின் பலவீனமான இடத்தையும் சொல்ல வேண்டும். கதையை மூடி வைத்தால் யாருக்கு லாபம்? ஊரில் பெண்ணின் கதைக்கு எந்த 22ஆம் பிரிவும் கிடையாது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற இடத்திலிருந்து ராஜபாளையம் பஸ் வரைக்கும் அவள் கதை வாய்வழியாகப் பல பதிப்புகள் கண்டிருக்கும். ஆணின் கதை கோப்புக்குள் பத்திரமாக இருக்கும். முதல் மனைவியை அடித்தவனுக்கு இரண்டாவது பெண் கொடுக்கும் வீட்டுக்கு அது தெரிய வேண்டாமா? சித்தப்பாவின் பயமும் இதுதான். அதை அந்தரங்கம் என்ற ஒரு சொல்லைச் சொல்லி ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கோப்பைப் பிரித்தால் அது தெரிந்துவிடுமா? இரு தரப்பும் சம்மதித்துப் பிரியும் வழக்குகளுக்கு 13பி பிரிவு. 1976இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதில் காரணமே தேவையில்லை. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, கலைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறோம் என்பது போதும். அடிபட்டவள்கூட, சீக்கிரம் விடுபட்டால் போதும் என்று அதில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். காகிதம் அமைதியாக இருக்கிறது என்பதால் அந்த வீடு அமைதியாக இருந்தது என்று ஆகாது. எதிர்த்து நடந்த வழக்கில் இதற்கு நேர்மாறு. வக்கீல் எழுதிய மனுவில் இருக்கிற குற்றச்சாட்டில் எது நடந்தது, எது வழக்குக்காக எழுதப்பட்டது என்று வெளியாளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கோப்பு நிலையைத் துல்லியமாகச் சொல்லும். குணத்தைச் சொல்லாது.

சரி, மாப்பிள்ளையின் கோப்பு இருக்கட்டும். “தங்கச்சிக்கு என்ன காயிதம் இருக்கு?” என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் பீரோவிலிருந்து ஒரு 20 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரை எடுத்து வந்தார். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நகையைத் திருப்பிக்கொடுத்து, ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை’ என்று எழுதி, இரு தரப்பும் சாட்சிகளும் கையெழுத்திட்டது. எங்கள் பேச்சில் ‘தீத்துவிட்டாச்சு’. சித்தப்பாவுக்கு அது கோர்ட்டு ஆர்டரை விடப் பெரிது. பெரிய மனுஷங்க போட்ட கையெழுத்தாச்சே.

சட்டம் ஊர் வழக்கத்தை அடியோடு மறுக்கவும் இல்லை. வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் தொன்றுதொட்டு விடாமல் இருந்து வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். வெறும் ஸ்டாம்பு பேப்பர் அதைச் செய்யாது. நிரூபிக்க முடியாவிட்டால் முதல் மணம் இன்னும் உயிரோடு இருக்கிறது, இரண்டாவது செல்லாது, புகார் வந்தால் 7 ஆண்டு வரை சிறை. யாருடைய ஆவணத்தை ரகசியமாகத் தேடச் சொன்னாரோ அவரிடம் ஆவணம் இருந்தது. தேடச் சொன்ன வீட்டில்தான் இல்லை.

அதன் பிறகு நடந்ததைத் தங்கச்சியே நடத்தினாள். முன்னாள் கணவரோடு பேசி 13பியில் மனு போட்டாள். ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை வக்கீல் பயன்படுத்திக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அவளே போன் செய்தாள். “எங்கிட்ட இன்னும் ஆர்டர் இல்ல, வாங்கிட்டிருக்கேன். உங்க ஆர்டரை அனுப்ப முடியுமா? ஏன் பிரிஞ்சீங்கன்னும் நீங்களே சொல்லணும்.” அவர் அன்று சாயங்காலமே ஆணையை அனுப்பிவிட்டார். காரணத்தைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று நாளில்தான் தனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது என்றாள். வேறொருத்திக்கு அதே மூன்று நாளில் சந்தேகம் வந்திருக்கலாம், அதுவும் தப்பில்லை.

அப்படி ஆணையைப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது மூன்று: சான்றிட்ட நகல்தானா, மறுமணத்துக்கு முன் மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதா, எதிர்த்தரப்பு வராமலே ஒருதலைப்பட்சமாக ஆன தீர்ப்பா. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கச் சொல்லி மற்றவர் பின்னால் மனு போட முடியும்.

இப்போது என் நிலைப்பாடு இவ்வளவுதான். இன்னொருவரின் முறிவைப் பற்றிய நிலையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அதை அவரிடமே கேட்க வேண்டும். கேட்கும்போது நம்முடையதையும் எடுத்து வைக்க வேண்டும். அவர் காட்ட மறுத்தால் அந்த மறுப்பே ஒரு தகவல். காட்டியது சந்தேகமாக இருந்தால், நீதிமன்றத்துக்குப் போய், ஏன் கேட்கிறேன் என்று நம் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்கலாம். பெயர் சொல்லாமல் தேடுவதற்கும் பெயர் போட்டுக் கேட்பதற்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதில் நாமும் அந்த ஆவணத்தில் ஏறிவிடுகிறோம்.

அடித்தவன் பொய் சொன்னால் என்ன செய்வது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீதிமன்றத்தின் எந்த ரிக்கார்டு ரூமிலும் அதற்கான காகிதம் கட்டாயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அவனோடு வாழ்ந்த பெண்ணுக்குத் தெரியும். அவளைப் போய்க் கேட்கலாமா, அவள் எத்தனை பேருக்குத்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது இதைவிடக் கஷ்டமான கேள்வி.