புகை போன இடம்

வாகனத்தின் புகைக்குழாயை அகற்றிவிட்டால் அதனால் விளையும் தீங்கும் அகன்றுவிடுமா? பெற்றோலுக்கு மாற்றாக மின்சாரத்தில் இயங்கும் மோட்டார் வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில், இவ்வினா பொறியியலுக்கு மட்டுமன்றி அறவியலுக்கும் உரியதாகின்றது.

மின்வண்டி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1899 ஆம் ஆண்டிலேயே பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாற்சி, மின்வண்டியொன்றை மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செலுத்திக் காட்டினார். பெற்றோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழக் காற்பங்கே சில்லுகளைச் சென்றடைகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாக வீணாகின்றது. மின்மோட்டாரோ தான் பெறும் ஆற்றலிற் பெரும்பங்கை இயக்கமாக மாற்றுகின்றது. ஆகவே, மொத்தக் கணக்கில் மின்வண்டியே மேலானது என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், அக்கணக்கு எல்லோரையும் உள்ளடக்கியதா? நம் நாட்டில் மழை பொய்க்கும் மாதங்களில் நீர்மின் உற்பத்தி குறைய, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலேயே பெரிதும் தங்கியிருக்க நேர்கின்றது. அப்போது கொழும்பு வீதியில் எழாத புகை புத்தளக் கரையில் எழுகின்றது. மின்கலத்தின் கதை இதனினும் கொடிது. உலகில் அகழப்படும் கோபால்டில் மூன்றிலிரண்டு பங்கிற்கு மேல் கொங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகின்றது. அங்கே கைக்கருவிகளாற் தோண்டும் அகழ்வுத் தொழிலிற் சிறுவரும் ஈடுபடுவதைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016 இல் எடுத்துக்காட்டியது.

பெந்தாமின் வழிவந்த பயன்பாட்டுவாதிகள், பலர் பெறும் நன்மை சிலர் படும் துன்பத்தை விஞ்சுமாயின் அச்செயல் நன்றே என்பர். கான்ற் இதற்கு உடன்படார். எம்மனிதரையும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்பது 1785 இல் வெளிவந்த அவரது நூலின் வற்புறுத்தல். தூய காற்று நமக்கும் சுரங்கத் தூசி அச்சிறுவனுக்கும் எனின், அவன் நமது தூய்மைக்குக் கருவியாகின்றான் அல்லவா?

கோபால்ட் இல்லாத மின்கலங்களை நாடினாற் போதாதா என்று கேட்கலாம். இலிதியம், இரும்பு, பொசுபேற்று ஆகியவற்றாலான அத்தகைய மின்கலங்கள் இன்று பல வண்டிகளிற் பொருத்தப்படுகின்றன. ஆயின், கொள்வோர் விலகினால், தொழிலாளியின் இடரோடு அவன் கூலியும் நீங்கிவிடும். நமது கை தூய்மையாகலாம். அவன் வீட்டில் அடுப்பெரியாது. பழியினின்று தப்புவது வேறு. கடனைத் தீர்ப்பது வேறு. பாதுகாப்பான சுரங்கம், நியாயமான கூலி, சிறுவருக்குப் பாடசாலை என்பவற்றுக்கான செலவும் வண்டியின் விலையிற் சேர்தல் வேண்டும். அதனால் விலை உயருமாயின், அதுவே அவ்வண்டியின் உண்மையான விலை.

பெற்றோலுக்கு மீளுதல் இதற்கு விடையன்று. எண்ணெய்க் கசிவால் நைஜர் கழிமுக மக்கள் இழந்த வயல்களும் நீர்நிலைகளும் அதற்குச் சான்று. எஞ்சினை மாற்றுவோம். ஆனால், அதன் சுமை யார் தோளுக்கு மாறியது என்பதையும் கேட்போம். அக்கேள்வியைக் கேளாத வரையில் நாம் தீங்கை அகற்றியவர்களல்லர். கண்ணுக்கெட்டாத தொலைவிற்கு அனுப்பியவர்களே.