அடுக்களையில் அறம்

அசோக மாமன்னர் தம் முதற் பாறைச் சாசனத்தில் தமது அடுக்களையைப் பற்றியே பேசுகிறார். முன்னர் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் அங்கே மடிந்தன. பின்னர் இரு மயில்களும் ஒரு மானுமே. அம்மானும் நாள்தோறும் அன்று. இவையும் இனிக் கொல்லப்படா என்கிறார். பேரரசர்க்கும் கருணை படிப்படியாகவே கைகூடிற்று!

கீரையை ஆய்ந்து, பருப்பு வேகுமளவும் அடுப்பருகே அமைதியாய் அமர்ந்திருக்கும் நம் தாய்மார்க்கு அவ்வேளையே தியானம். எவ்வுயிரையும் வதைக்காத சோறென்னும் உவகையும் உடன் உண்டு.

எனினும், மரக்கறி உண்போரே மேலோர் என்னும் செருக்கு நம் முன்னோரை எவ்வளவு வாட்டிற்று! பிக்குகள் மீனும் ஊனும் அறவே விலக்க வேண்டுமெனத் தேவதத்தன் கோரியபோது, பகவர் அதனை விதியாக்க மறுத்தார். ஆதலின், அயல்வீட்டில் மீன் கொதித்தால் முகஞ்சுளிக்க வேண்டா. உங்கள் கீரைக் குழம்பில் ஒரு கிண்ணம் அவ்வீட்டிற்கும் அனுப்புங்கள்.